பாதிக் குதிரை

கரும்பு வெட்டு முடிகிற சமயத்தில் நார்தீனுக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது. சாரத்தில் ஏறி அண்ணாந்தே வேலை செய்கிறவர்களுக்கு அது வராமலிருந்தால்தான் அதிசயம். முன்பெல்லாம் கொஞ்சம் சூடு காட்டி, தலையணை இல்லாமல் ஓர் இரவு படுத்தால் விட்டுவிடும். இந்த முறை விடுவதாக இல்லை. பக்கவாட்டில் யாராவது கூப்பிட்டால் உடம்பு முழுவதையும் திருப்பித்தான் பார்க்க வேண்டியிருந்தது.

"டாக்டரம்மா திரும்பறதப் பார்த்தா நைல்ல சரக்குப் படகு திரும்புற மாதிரி இருக்கு," என்றான் ரஷ்வான்.

ரஷ்வான் பக்கத்து ஊர்க்காரன். சாரம் கட்டுவான், சுண்ணாம்பு குழைப்பான், மற்ற நேரமெல்லாம் வாயாடுவான். நார்தீன் பழைய சுவரோவியங்களைச் செப்பனிட இந்தக் கிறிஸ்தவக் கோயிலுக்கு வந்த முதல் வருடத்திலிருந்து கூடவே இருக்கிறான். கோயிலில் இருக்கிற ஒரே முஸ்லிம் தானென்பதால் பூசை நேரத்தில் டீ போடும் பொறுப்பு தன்னுடையது என்று அவனே முடிவு செய்துகொண்டிருந்தான்.

"சிரிக்க வைக்காத. வலிக்குது," என்றாள் நார்தீன்.

கழுத்து மட்டுமா? ஓவியம் துடைக்கும் மருந்துகளில் ஊறி ஊறி விரல் நுனியெல்லாம் வெடித்திருந்தது. கெய்ரோவில் புருஷன் மக்ரம் தனியாகச் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். ஐம்பதைத் தாண்டியவள் கோயில் விருந்தினர் அறையில் இரும்புக் கட்டிலில் படுத்துக்கொண்டு, பாதி வாழ்க்கையைக் கோம் சுவைர் கிராமத்துச் சுவர்களோடு கழித்துவிட்டாள். அதற்கெல்லாம் அவள் அலுத்துக்கொண்டதில்லை. இப்போது அலுப்பாக இருந்தது. காரணம், வடக்குச் சுவரில் இருந்த குதிரை.

அது புனிதர் மார் பக்தூரின் குதிரை. நூற்றைம்பது வருடத்துக்கு முன் எவனோ ஒரு நாட்டுப்புற ஓவியன் வரைந்தது. வெள்ளைக் குதிரை, கண்ணுக்கு மையிட்ட மணப்பெண்ணைப் போல ஒரு பார்வை. புனிதர் அதன்மேல் கொஞ்சம் சாய்ந்து, விழுந்துவிடுவாரோ என்று பார்ப்பவர் பயப்படும்படி உட்கார்ந்திருந்தார். ஒரு காலை வரைந்துவிட்டுப் பிடிக்காமல் வேறு இடத்தில் மறுபடி வரைந்தவன் முதல் காலை அழிக்க மறந்திருந்தான். எண்ணினால் ஐந்து கால். வேகமாக ஓடுகிற குதிரைக்கு அப்படித்தான் தெரியும் என்று ஊரில் சொல்வார்கள்.

அதன் வால் தரைவரை தொங்கியது. பிள்ளையில்லாத பெண்கள் அந்த வாலைத் தொட்டு வேண்டிக்கொள்வார்கள். தலைமுறை தலைமுறையாகத் தொட்டுத் தொட்டு அது கறுத்துப் பளபளத்துக் கிடந்தது.

கரும்பு வயல்களுக்குப் பாய்ச்சும் தண்ணீர் அடியிலேயே ஊறி வந்து கோயில் சுவர்களில் உப்பாகப் பூத்துக்கொண்டிருந்தது. போன வருடம் வாலுக்குப் பக்கத்தில் உள்ளங்கை அளவு பூச்சு பெயர்ந்து விழுந்தது. விழுந்த இடத்தில் ஒரு கண் தெரிந்தது. கோயில் கட்டிய காலத்துக் கண். ஆயிரம் வருடத்துக்கும் மேற்பட்டது. நார்தீன் சாரப் பலகையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அன்றைக்கே படம் எடுத்துத் தொல்லியல் துறைத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பினாள். ஆங்காங்கே சின்னத் துளையிட்டுப் பார்த்ததில், குதிரைக்கு அடியில் வரிசையாக மூன்று பேர் நிற்பது தெரிந்தது.

கமிட்டி கூடியது. பழைய ஓவியத்தை வெளியே கொண்டுவர வேண்டும், மேலே இருப்பது கலைமதிப்பு இல்லாத பூச்சு, அதை நீக்கலாம் என்று முடிவானது. நீக்குவது என்றால் சுரண்டிப் போடுவது. நார்தீன் சண்டை போட்டாள். கடைசியில், குதிரையின் மேல் பசை தடவித் துணி ஒட்டி, தோல் உரிப்பதுபோல முழுசாக உரித்தெடுத்து வேறு சுவரில் ஒட்டிவைக்க அனுமதி கிடைத்தது. பங்குக் குரு அபூனா பிஜிமி புதிதாகக் கட்டிக்கொண்டிருந்த ஹாலில் இடம் தருவதாகச் சொன்னார்.

பசைத் துணி ஒட்டிய அன்று உம் ஹலீம் வந்தாள். ஹலீமின் அம்மா என்பதைத் தவிர அவளுக்கு வேறு பேர் இருந்ததை ஊரே மறந்துவிட்டது. தினமும் வாத்துகளைக் கால்வாயில் விட்டுவிட்டு நேரே கோயிலுக்கு வந்து குதிரை வாலைத் தொட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போவாள். கல்யாணமாகிப் பல வருடம் வயிறு திறக்காமல், மாமியாரிடம் வாங்காத ஏச்சு இல்லை என்றாகி, அந்த வாலைப் பிடித்துக்கொண்டு ஒரு பகல் முழுக்க நின்றவள். பிறந்த ஹலீம் இப்போது மினி பஸ் ஓட்டுகிறான்.

"என்னம்மா இது? மார் பக்தூருக்குக் கட்டுப் போட்டு வெச்சிருக்க? எங்க விழுந்தாரு?"

"விழலக்கா. பத்திரமா வேற எடத்துக்குக் கொண்டுபோறோம். புது ஹாலுக்கு."

"கல்யாண விருந்து போடற ஹாலுக்கா? பிசாசையெல்லாம் வெரட்டினவரு போய்ப் பந்தியில நிக்கணுமா?"

"இங்க இருந்தா ஈரத்துல உதிர்ந்துடுவாரு, அக்கா."

"நான்கூடத்தான் உதிர்ந்துக்கிட்டிருக்கேன். என்னையும் துணியில ஒட்டி எடுத்துடுவியா?"

ரஷ்வான் சாரத்தின் மேலிருந்து, "அவ்வளவு பசை இல்லங்க!" என்றான்.

"நீ சும்மா கெட. உன் சுண்ணாம்பு வேலையப் பாரு." உம் ஹலீம் துணியின்மேல் வால் இருக்கும் இடத்தில் கையை வைத்தாள். கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். "துணிக்கு மேல தொட்டா அவருக்குத் தெரியுமா?"

"தெரியும்னு நினைக்கறேன்."

"நினைக்கறியா? படிச்சவ. சரியாச் சொல்லு."

நார்தீன் பசைச் சட்டியைக் கிளறினாள்.

வால் பக்கம்தான் பூச்சு சுவரை விட்டு விலகி அதிகம் பொள்ளலாக இருந்தது, அதனால் அங்கிருந்து உரிக்க ஆரம்பித்தார்கள். பசை நன்றாகக் காய்ந்து துணி முரசுத் தோல்போல விறைத்திருந்தது. நார்தீன் ஓரத்தைக் கத்தியால் கீறி, மூலையைப் பிடித்து மெல்ல இழுத்தாள். ரஷ்வான் கீழே பலகையோடு தாங்கி நின்றான். முதல் சாண் அழகாக வந்தது. வால் நுனி ஒரு மயிர்கூடப் பிசகாமல் துணியோடு ஒட்டிக்கொண்டு வந்தது.

"அட, வருது டாக்டரம்மா! வெண்ணெய் மாதிரி வருது!"

அவள் பேசவில்லை. இன்னும் ஒரு சாண். அப்போது சத்தம் மாறியது. காதுக்கு முன்பே விரல்களுக்குத்தான் அது தெரிந்தது. துணி கனமில்லாமல் ஆனது.

"நிறுத்து, நிறுத்து. அசையாத."

"நான் அசையலியே."

உப்பு உள்ளுக்குள் தின்றுவிட்டிருந்தது. மேலே வர்ணம் வெறும் தோல், அடியில் மாவு. உரிந்தது பாதி, உரியாதது பாதியாகத் தொங்கிய துணியின் சொந்தப் பாரமே மிச்சத்தை இழுத்தது. அவள் இரண்டு உள்ளங்கைகளையும் சுவரோடு வைத்து அழுத்தினாள். கைக்கு அடியில் அது நழுவுவது தெரிந்தது. பிறகு மொத்தமாகச் சரிந்து ரஷ்வானின் பலகைமேல் விழுந்தது. வெள்ளைப் பொடி புகையாகக் கிளம்பிப் பலகையிலும் தரையிலும் அவள் தலையிலும் படிந்தது.

துணியைத் திருப்பிப் பார்த்தார்கள். வாலில் சில துண்டுகள், பின்னங்கால் குளம்பு ஒன்று, நடுநடுவே வெறுந்துணி. குதிரையின் பின்பாகம் அவ்வளவுதான் மிஞ்சியிருந்தது.

நார்தீன் உடம்பைத் திருப்பிச் சுவரைப் பார்த்தாள்.

அங்கே ஒரு பெரியவர் இருந்தார். நரைத்த தாடி, ஏறிய நெற்றி, வாயின் இரண்டு பக்கமும் ஆழமாக ஒவ்வொரு கோடு. தோளில் பழுப்பு அங்கி. நேற்று வரைந்து இன்று காலையில் கழுவிவிட்டதுபோல அத்தனை துலக்கமாக இருந்தார். பேசிக்கொண்டிருந்த ஆள், உள்ளே யாரோ வருவதைப் பார்த்துப் பேச்சை நிறுத்தியதுபோல ஒரு பார்வை. நூற்றைம்பது வருடமாக யாரும் பார்க்காத முகம். அதை இப்போது பார்க்கிறவர்கள் அவளும் ரஷ்வானும் மட்டும்.

அவளுக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். துக்கம் அதற்குப் பிறகுதான் வந்தது. இந்த வரிசை அவளை வெகுநாள் உறுத்தியது.

"என்ன முகம்யா இது," என்றான் ரஷ்வான் மெல்ல. பிறகு தன் கையில் அப்பியிருந்த பொடியைப் பார்த்தான். "இத என்ன பண்றது?"

"கூட்டித் தள்ளிடாத. பெட்டியில எடுத்து வை."

எதற்கும் உதவாது என்று இருவருக்கும் தெரியும். இருந்தாலும் மெல்லிய தூரிகையால் பொடி முழுவதையும் கூட்டி ஒரு மரப்பெட்டியில் போட்டார்கள்.

அபூனா பிஜிமி ஹாலில் கொத்தனார்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். கறுப்பு அங்கி முழுக்க சிமெண்ட். கூரை, மின்சாரம், நோன்புச் சாப்பாடு, ஊர்ச் சண்டை என்று எல்லாவற்றையும் ஒற்றை ஆளாகச் சுமக்கிறவர். நார்தீன் சொன்னதைக் கேட்டதும் ஒரு செங்கல் அடுக்கின்மேல் உட்கார்ந்தார்.

"பொம்பளைங்ககிட்ட இப்பவே சொல்லணுமா, அம்மா? ஞாயித்துக்கிழம பூசை முடியட்டுமே."

"அதுவரைக்கும் திரை போட்டு மறைக்கச் சொல்றீங்களா, அபூனா? அது இன்னும் கேவலம். நானே சொல்லிடறேன்."

அவர் எழுந்து கூட வந்தார். கோயில் முற்றத்தில் பெண்கள் நோன்புக்குப் பருப்பு புடைத்துக்கொண்டிருந்தார்கள். நார்தீன் அவர்கள் முன்னால் நின்று, சுற்றி வளைக்காமல் சொன்னாள். முயற்சி செய்தேன், வரவில்லை, வால் பக்கம் போய்விட்டது, மன்னித்துக்கொள்ளுங்கள் என்றாள். ஒருத்தி மார்பில் அடித்துக்கொண்டாள். ஒருத்தி, "கெய்ரோக்காரி கை வெச்சா இப்படித்தான்," என்றாள். உம் ஹலீம் முறத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து உள்ளே போனாள்.

அவள் கத்துவாள் என்று பின்னாலேயே போன நார்தீன் எதிர்பார்த்தாள். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"வால் எங்க?"

நார்தீன் துணியைக் காட்டினாள். உம் ஹலீம் குனிந்து, தொடாமல், கறுத்துப் பளபளத்த ஒரு துண்டைப் பார்த்தாள்.

"இந்தக் கறுப்புல என் கை அழுக்கும் இருக்கும்," என்றாள். பிறகு முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு போய்விட்டாள்.

அதற்குப் பிறகும் அவள் தினமும் வந்தாள். எதையும் தொடுவதில்லை. யாரிடமும் பேசுவதில்லை. வயிற்றின்மேல் கையைக் கட்டிக்கொண்டு சுவருக்கு முன்னால் கொஞ்ச நேரம் நிற்பாள், போய்விடுவாள். ரஷ்வான் இரண்டு முறை வம்புக்கு இழுத்துப் பார்த்தான். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

நார்தீன் அனுப்பிய படங்களைப் பார்த்ததும் கமிட்டித் தலைவர் டாக்டர் ஷவ்கி கெய்ரோவிலிருந்து தானே கிளம்பி வந்தார். வயதானவர், மெலிந்தவர், கோட்டு போட்டவர். பெரியவரின் முகத்துக்கு முன்னால் நின்றவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்தது கண்ணாடியை மட்டும் அல்ல.

"நார்தீன், இந்த மாதிரி முகம் நாட்டுல எத்தனை இருக்கும்? எண்ணறதுக்கு ஒரு கை விரல் போதும்."

"தெரியும், சார்."

"இன்னும் ரெண்டு பேர் உள்ள நிக்கறாங்க."

"குதிரை முழுசா வராது, சார். உப்பு தின்னுடுச்சு. எடுத்தா மாவாத்தான் வரும்."

"வரட்டுமே," என்றார் ஷவ்கி. அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அது போனா பரவாயில்லன்னு லேசாச் சொல்லல. எனக்கும் இந்த அஞ்சுகால் குதிரையப் புடிக்கும். ஆனா ஒரு தட்டுல அது, இன்னொரு தட்டுல இது. எது கனம்? நீங்களே சொல்லுங்க."

நார்தீன் யோசித்தாள். குதிரை என்று சொல்ல அவளால் முடியவில்லை. பெரியவர் என்று சொல்லவும் முடியவில்லை. மற்ற இரண்டு முகங்களைப் பார்க்க அவளுக்கும் ஆசைதான். அந்த ஆசை இல்லாதவள் இந்த வேலைக்கே வந்திருக்க மாட்டாள்.

"எனக்குத் தெரியல, சார்."

"நீங்க ரொம்பக் களைச்சுப் போயிட்டீங்க. வீட்டுக்குப் போய் ஓய்வெடுங்க. பாஸ்கா திருநாள் முடியட்டும், வேற குழுவ அனுப்பறேன். அதுவரைக்கும் விளிம்பு உதிராமப் பாத்துக்குங்க, போதும்."

அவர் சொன்னது அன்பாகத்தான். களைத்துவிட்டாள் என்பதும் உண்மைதான். உண்மையாக இருந்ததால்தான் அது அவளைக் குத்தியது.

ஜீப் போன பிறகு சாரத்தில் ஏறி, விரல் முட்டியால் சுவரைத் தட்டிக்கொண்டே போனாள். பழுத்த பழமா என்று தட்டிப் பார்ப்பதுபோலத்தான் அது. கெட்டியாக இருந்தால் ஒரு சத்தம், உள்ளே பொள்ளலாக இருந்தால் ஒரு சத்தம். குதிரையின் விலாவிலிருந்து புனிதரின் மார்புவரை எங்கே தட்டினாலும் பானைச் சத்தம் கேட்டது. விளிம்பை மட்டும் கட்டினால் நிற்காது. பாஸ்காவுக்கு முன் அதுவாகவே விழுந்துவிடும்.

அன்று சாயங்காலம் மக்ரம் போனில் கூப்பிட்டான்.

"பேசாம கெளம்பி வந்துடு, நார்தீன். சுவர் எங்கயும் ஓடிப் போகாது."

"ஓடுதே, மக்ரம். அதுதானே என் பிரச்சினை."

"உனக்குக் கழுத்து எப்படி இருக்கு?"

"இருக்கு."

குதிரையை விழாமல் நிறுத்த ஒரே வழிதான் இருந்தது. சின்னத் துளைகள் போட்டு, ஊசிக் குழாயால் சுண்ணாம்புப் பாலை உள்ளே செலுத்தி, பொள்ளல் முழுவதையும் நிரப்ப வேண்டும். நிரப்பினால் மேல் பூச்சு அடிப் பூச்சோடு ஒரே கல்லாக இறுகிவிடும். குதிரை பிழைக்கும். அடியில் நிற்கும் இரண்டு பேரை அதற்குப் பிறகு யாராலும் வெளியே கொண்டுவர முடியாது.

அவள் இரண்டு நாள் வெறும் விளிம்பில் வேலை செய்தாள். ஒருபக்கம் உம் ஹலீம் வந்து நின்றுவிட்டுப் போனாள். இன்னொரு பக்கம் பெரியவர் பேச்சை நிறுத்தியவராகப் பார்த்துக்கொண்டே இருந்தார். யாருக்கு நியாயம் என்று யோசிக்கக்கூட அவளிடம் தெம்பு இல்லை. மூன்றாம் நாள் காலையில் குதிரையின் வயிற்றோரம் நகம் அளவு ஒரு சில்லு பெயர்ந்து அவள் மணிக்கட்டில் விழுந்தது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தவள் கீழே இறங்கி வந்தாள்.

"ரஷ்வான், சுண்ணாம்பு குழை."

"விளிம்புக்கா?"

"இல்ல. உள்ள குடுக்க. நெறைய வேணும்."

அவன் சல்லடையைக் கையில் எடுத்தவன் அப்படியே நின்றான். "இத உள்ள விட்டா அப்பறம் யாராலயும் பிரிக்க முடியாதில்ல?"

"முடியாது."

"பெரிய சார் சும்மா விடுவாரா?"

"விட மாட்டாரு."

ரஷ்வான் தாடையைச் சொறிந்தான். "சரி. அப்ப மெல்லிசு துணியில ரெண்டு தடவ சலிக்கறேன். கட்டி கிட்டி சிக்கிக்கிச்சுன்னா ரெண்டு பக்கமும் கெட்ட பேரு."

குதிரையின் மார்புப் பக்கம் முதல் துளையைப் போட்டாள். சுண்ணாம்பு விடுவதற்கு முன் நுனியில் விளக்குள்ள மெல்லிய குழலை உள்ளே நுழைத்து அதில் கண்ணை வைத்தாள். முதலில் தூசி. பிறகு பச்சை நிற அங்கியின் மடிப்பு. மடிப்புக்குப் பக்கத்தில் ஒரு புத்தகத்தின் ஓரம். அதைப் பிடித்திருந்த கை. கட்டை விரல். நகத்தின்மேல், வெளிச்சம் படுவதுபோல, மயிரிழை கனத்தில் ஒரு வெள்ளைக் கோடு. இவ்வளவு உயரத்தில் யாருக்குத் தெரியப்போகிறது என்று விட்டுவிடாமல், எவனோ ஒருவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு போட்ட கோடு.

கண்ணில் தண்ணீர் வரும்வரை பார்த்தாள். படம் எடுத்துப் பார்த்தாள். மங்கலாகப் பச்சை மட்டும் விழுந்தது.

"ரஷ்வான், மேல வா. நீயும் பாரு."

"நானா?"

"இன்னொருத்தராவது பார்த்திருக்கணும்."

அவன் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு குழலில் கண்ணை வைத்தான். வெகுநேரம் கண்ணை எடுக்கவில்லை.

"கட்டை விரல்," என்றான்.

"ஆமா."

"நகம் சுத்தமா இருக்கு. என்னை மாதிரி இல்ல."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்ததும் கழுத்து சுண்டி இழுத்தது. கழுத்தைப் பிடித்துக்கொண்டு, சிரிப்பும் அழுகையுமாகக் கொஞ்ச நேரம் பலகையில் குந்தியிருந்தாள். பிறகு ஊசிக் குழாயை எடுத்தாள்.

சுவருக்குள் சுண்ணாம்பு இறங்கும் சத்தம் குழந்தை பால் குடிப்பதுபோலக் கேட்டது. ரஷ்வான் பஞ்சு வைத்த பலகையால் குதிரையை அழுத்திப் பிடித்துக்கொண்டான். ஒரு துளை நிரம்பியதும் அடுத்தது. அந்த வாரம் முழுக்க அதே வேலை. முடிந்த அன்று விலாவிலிருந்து மார்புவரை தட்டிப் பார்த்தாள். கல்லைத் தட்டியதுபோல இருந்தது.

ஷவ்கிக்கு அவளே போன் செய்தாள்.

"உள்ள சுண்ணாம்பு குடுத்துட்டேன், சார். முழுசா."

"என்ன பண்ணியிருக்கீங்கன்னு தெரிஞ்சுதான் பண்ணீங்களா?"

"தெரிஞ்சுதான், சார்."

"அந்த ரெண்டு பேர்..."

"ஒருத்தரோட கையப் பார்த்தேன், சார். ரொம்ப நல்ல கை."

அவர் வைத்துவிட்டார். அந்த வாரமே உத்தரவு வந்தது. கோயில் வேலையிலிருந்து அவளை எடுத்துவிட்டு, கெய்ரோ கிடங்கில் உடைந்த பானைகளுக்குப் பொறுப்பாகப் போட்டிருந்தார்கள். அதைப் படித்தபோது அவளுக்குக் கோபம் வரவில்லை. கிடங்கில் நாற்காலி இருக்கும் என்றுதான் முதலில் நினைத்தாள்.

போவதற்கு முன் விளிம்பைச் சுத்தமாக முடித்தாள். குதிரை முடியும் இடத்துக்கும் பெரியவர் தொடங்கும் இடத்துக்கும் நடுவே வெறும் சுண்ணாம்பில் ஒரு கரை கட்டினாள். அபூனா பிஜிமி கீழே நின்று தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"வாலை மட்டும் ஒரு கோடா வரைஞ்சு விட்டுடக் கூடாதா, அம்மா? சனங்களுக்கு ஒரு ஆறுதல்."

"வரைஞ்சா பொய்யாயிடும், அபூனா."

"குதிரையையே ஒருத்தன் இவங்க மேலதானே வரைஞ்சான்? அது மட்டும் பொய்யில்லையா?"

அவள் கரண்டியைக் கழுவிக்கொண்டே அதை யோசித்தாள். ஆனாலும் வாலை வரையவில்லை.

சாரத்தைப் பிரித்த மறுநாள் ஞாயிறு. பூசைக்கு முன்னால் பெண்கள் கூட்டமாகச் சுவரடியில் நின்றார்கள். முன்னங்கால்கள் தெரிந்தன, மையிட்ட கண் தெரிந்தது, சாய்ந்த புனிதர் தெரிந்தார். இடுப்புக்குப் பின்னால் குதிரை நின்றுபோய், அங்கே நரைத்த தாடிக்காரர் ஒருவர் தோள்வரை எட்டிப் பார்த்தார். நார்தீன் கடைசி வரிசை பெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

உம் ஹலீம் திரும்பினாள். வால் போன நாளுக்குப் பிறகு முதல் தடவையாகப் பேசினாள்.

"இவரு யாரு?"

"தெரியாதக்கா. பேரு எழுதின எடம் உதிர்ந்துபோச்சு. சீடர்கள்ல ஒருத்தரா இருக்கலாம்."

"எத்தன நாளா உள்ள இருந்தாரு?"

"நூத்தம்பது வருசமா."

"பாவம் மனுசன். அத்தன வருசமும் குதிரைக்குப் பின்னாடியா? அந்த நாத்தத்துலயா?"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். இன்னொருத்தி, "இல்லக்கா, பின்னால ஏத்திக்கிட்டுப் போறாரு பாருங்க. வழியில நடந்து போன பெரியவர ஏறிக்கச் சொல்லியிருப்பாரு," என்றாள்.

"ரெண்டு ஆளு பாரம். அதான் அஞ்சு காலு இருந்துச்சு," என்றாள் மூன்றாமவள்.

சிரிப்பு பரவியது. அபூனா உள்ளிருந்து தொண்டையைக் கனைத்தார். உம் ஹலீம் சிரிக்கவில்லை.

"இனிமே புள்ள வேணுங்கறவ எதத் தொடுவா?"

நார்தீன் மெதுவாக, "பெரியவர மட்டும் தொட வேண்டாம், அக்கா. தாங்க மாட்டாரு," என்றாள்.

"அவர யாரு தொடுவா? பேரே தெரியாத ஆம்பளகிட்டப் போய்ப் புள்ள வேணும்னு கேக்கறதா?" உம் ஹலீம் அவள் பக்கத்தில் வந்தாள். "பாரு, வாலு போனது போனதுதான். நான் மறக்க மாட்டேன். நீயும் மறந்துடாத."

"மறக்க மாட்டேன்."

"மிச்சத்த நீ விழாம நிறுத்தினேன்னு ரஷ்வான் சொன்னான். அதுக்கு உன்னை வெரட்டிட்டாங்கன்னும் சொன்னான். அவன் பாதி பொய்க்காரன்."

"இது நெசந்தான், அக்கா."

உம் ஹலீம் அவளை மேலும் கீழும் பார்த்தாள். "நிக்க முடியாம நிக்கறியே. ஒக்காரு."

பெண்கள் வரிசையில் அவளைத் தன் பக்கத்தில் இழுத்து உட்காரவைத்தாள். பூசை தொடங்கியது. இத்தனை வருடமும் நார்தீன் இந்தக் கோயிலில் ஒரு பூசையைக்கூட ஒழுங்காகப் பார்த்ததில்லை. மெழுகுவத்தி சுவருக்குப் பக்கத்தில் இருக்கிறதா, யாராவது முதுகைச் சாய்க்கிறார்களா, குழந்தை எதையாவது பிய்க்கிறதா என்று கண் அலைந்துகொண்டே இருக்கும். இன்று அது அவள் பொறுப்பில்லை. கைத்தாளம் ஒலித்தது. கிழவர்கள் ஒரே சொல்லை நீட்டி நீட்டிப் பாடினார்கள். அவளுக்குக் கண் சொருகியது. எல்லோரும் எழுந்தபோது எழ நினைத்தாள், எழவில்லை. தலை பக்கத்திலிருந்த தோளில் சாய்ந்தது. தோள் விலகவில்லை. நற்கருணைக்குப் போன பெண்கள் அவள் கால்களைத் தாண்டித் தாண்டிப் போனார்கள்.

கடைசியில் அபூனா பிஜிமி கிண்ணத்திலிருந்து ஆசீர்வாதத் தண்ணீரை அள்ளி எல்லோர் முகத்திலும் தெளித்துக்கொண்டு வந்தார். இவள் முகத்தில் கொஞ்சம் அதிகமாகவே தெளித்திருக்க வேண்டும். நார்தீன் திடுக்கிட்டு, "தண்ணி! சுவருல தண்ணி!" என்று எழுந்தாள்.

சுற்றிலும் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். இந்த முறை உம் ஹலீமும் சிரித்தாள்.

"சுவருல இல்ல, உன் மூஞ்சில. தொடச்சுக்க. ரொட்டி தீர்ந்துடப் போவுது, வா."

வாசலில் ஆசீர்வதித்த ரொட்டிக்கு வரிசை நின்றது. நார்தீன் முகத்தைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டு உம் ஹலீமுக்குப் பின்னால் போய் நின்றாள்.